அடுப்பு எத்தனை வேளை எரிந்தது

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நீ கேட்ட படிவங்கள் கிடைத்துவிட்டன. மாடி அறையில் உன் பச்சை டிரங்குப் பெட்டிக்குள், கல்லூரி நோட்டுகளுக்கு அடியில், நீ சணல் கயிற்றால் கட்டி வைத்தபடியே இருந்தன. இருபத்துநான்கும் இருக்கின்றன. பூச்சி அரிக்கவில்லை. அந்தப் பழைய கட்டுரையை விரிவாக்கி, டில்லியில் கூடப்போகும் பொருளாதார மாநாட்டுக்கு அனுப்பப் போவதாகவும், கட்டுரைக்கு ஆதாரமான படிவங்களையும் பார்க்க வேண்டும் என்று மாநாட்டுச் செயலாளர் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "நீ வெயிலில் அலைந்து சேகரித்தது அம்மா, அதன் அருமை உனக்குத்தான் தெரியும்." அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிவங்களை இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு. அந்த இருபத்துநான்கில் பதினேழு பொய். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதிய பொய்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. யுத்தத்தின் நடுவருஷங்களை நீ மறந்திருக்க மாட்டாய். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரை விட்டு ஓடிய மயிலாப்பூர்க்காரர்கள் எல்லாரும் திரும்பி வந்து, ரேஷன் கார்டும் கையுமாக நின்ற காலம். நீ கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாய். சென்னையில் பொருளாதார மாநாடு நடக்கப் போகிறது, அதில் உன் கட்டுரை ஏற்கப்பட்டால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று உன் பிரின்சிபால் சொல்லியிருந்தார். மாதச் சம்பளம் வாங்காதவர்கள் வீட்டுக்குள் இந்தப் பஞ்சம் எப்படி நுழைகிறது என்று எழுதப் போகிறேன் என்றாய். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நொச்சிக்குப்பம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாய். ஒவ்வொரு தாளிலும் நீயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாய். முதல் கேள்வியை எனக்குப் படித்துக் காட்டினாய்: "நேற்று உங்கள் வீட்டில் அடுப்பு எத்தனை வேளை எரிந்தது?" வருமானம் என்ன என்று கேட்டால் எல்லாரும் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள், அடுப்பைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது என்று உனக்கு அத்தனை சந்தோஷம். பதில் சொல்கிறவர்களைப் பற்றி நன்றாக யோசித்திருந்தாய், குழந்தே. கேட்டு எழுதப் போகிறவளைப் பற்றி யோசிக்கவில்லை.

முதலில் நீதான் போனாய். இரண்டு நாள் போய்விட்டு ஒரு தாள்கூட நிரம்பாமல் வந்தாய். கட்டுமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா, அடுப்பு பாக்க வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நீ அதைச் சொன்னபோது உன் காது மடல் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் டைபாய்டு என்றார். நீ படுக்கையில் புரண்டுகொண்டு கட்டுரையைப் பற்றியே புலம்பினாய். தலைப்பும் சுருக்கமும் முன்பே அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொண்டு கார்டும் போட்டிருந்தார்கள். முழுக் கட்டுரை தாளின் ஒரு பக்கம் மட்டும் டைப் அடித்து, இரண்டு பிரதி, குறித்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். "போச்சும்மா, எல்லாம் போச்சு" என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "நான் போய்க் கேட்டுண்டு வரேன். பொம்மனாட்டிகிட்டப் பொம்மனாட்டி கேட்டாச் சொல்லுவா" என்றேன். உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் பார்க்கிறேன். உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மீன்காராளாத்துக்கெல்லாம் நீ போவியா?" என்றார். போவேன் என்று வீம்பாகச் சொன்னேன்.

முதல் நாள் குப்பத்துக்குள் போகவில்லை. சாந்தோம் சாலை ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்றவர்களிடம், இரண்டு கஜம் தள்ளி நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஆறு பேர் பதில் சொன்னார்கள். அந்த ஆறும் உண்மை. ஆனால் அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. அன்றைக்கு விற்க மீன் கிடைத்தவர்கள்தானே சாலைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள்? மீன் கிடைக்காதவள் அங்கே எதற்கு வருவாள்? அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்று ஆறு தாள் நிரம்பிய பெருமையில் வேகமாக வீட்டுக்கு வந்து உன்னிடம் காட்டினேன்.

இரண்டாம் நாள் குப்பத்துக்குள் போனேன். முதல் குடிசையிலேயே அஞ்சலை இருந்தாள். உன் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் ஒரு கோணியை உதறி மணலில் விரித்து, "உக்காரும்மா, வெயில்ல வந்துகீறியே" என்றாள். நான் உட்காரவில்லை. மடி என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியுமோ தெரியாதோ, அர்த்தம் தெரிந்தது. கோணியை எடுத்துச் சுருட்டிவிட்டாள். நின்றபடியே கேள்வியைக் கேட்டேன்.

"ரெண்டு நாளா அடுப்பே மூட்டலம்மா" என்றாள்.

"மீன் பிடிக்கறவாதானே நீங்க? மீன் இல்லையா?"

"ஏதும்மா மீனு? ராத்திரில லைட்டு போட்டுக்கினு கடலுக்குப் போவக்கூடாதுன்னு பட்டாளத்துக்காரன் சொல்ட்டான். வலை கிஞ்சிபோச்சி, நூலு கெடைக்கல. எங்கூட்டு ஆளு சும்மா குந்திக்கினு கீறாரு." பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். "நீ எயுதிக்கினு போனா, சர்க்காருல கஞ்சி ஊத்துவாங்களாம்மா?"

எனக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும் என்றிருந்தது. "ஊத்துவா, ஊத்துவா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரத்தோடு நிற்கும்போது ஒன்று தோன்றியது: இவள் மிகைப்படுத்துகிறாள், ஏதாவது கிடைக்கும் என்று சொல்கிறாள், கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு யாராவது பட்டினி கிடப்பார்களா? நம் வீட்டில் அப்போது ஒரு வேளை ரேஷன் கோதுமைக் கஞ்சி. அரிசியில் புழு. எங்களைவிட இவளுக்கு என்ன குறை என்று எனக்குள் ஒரு எரிச்சல். அன்று பிற்பகல் அவள் தாளை எடுத்து, முதல் கேள்விக்கு நேரே "இரண்டு வேளை" என்று எழுதினேன். மற்ற பதினேழு தாளைவிட இந்த ஒரு தாள்தான் என்னைத் தூங்கவிடாதது. அந்தப் பதினேழு வீடுகளுக்கு நான் போகவே இல்லை. இவளிடம் போனேன், கேட்டேன், அவள் சொன்னாள், நான் மாற்றினேன்.

மறுநாள் உனக்கு என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு உடம்பு அசத்துகிறது, ஆனாலும் போய்விட்டு வருகிறேன் என்றேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெப்பக்குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, முகத்தில் வியர்வையோடு திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். வந்து சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். நம் தெருவுக்கு வருகிற கீரைக்காரி, பூக்காரி, தயிர்க்காரி பெயர்களைப் போட்டேன். எல்லாம் ஒரே மாதிரி தெரியக்கூடாதென்று சிலதைப் பென்சிலிலும் சிலதை இங்கியிலும் எழுதினேன். கடற்கரையில் எழுதியதுபோல இருக்கட்டும் என்று இரண்டு தாளில் தண்ணீர் தெளித்துக் காயவைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் தெரியாமல் செய்தேன் என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைத்துவிடக் கூடாது. காலையில் கஞ்சி, சாயங்காலம் சோறு, கூடவே மீன் என்று நான் எழுத எழுத, அந்தக் குப்பமே என் மனசில் வயிறு நிறைந்து சாப்பிட்டது. நீ தலையணையில் சாய்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "அம்மா, நீ பிரமாதமா கேட்டிருக்கே" என்றாய்.

உனக்கு ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததே, அந்த விடுமுறையை நினைத்துப் பார். பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். நீ எழுதவில்லை. கடைசி இரண்டு நாளில் நான் உன் கையெழுத்தைப் போலவே எழுதி நோட்டை நிரப்பிக் கொடுத்தேன். வாத்தியார் கண்டுபிடிக்கவில்லை, நன்று என்று போட்டார். நீ வீட்டுக்கு வந்து அழுதாய். "நான் எழுதலையேம்மா, சார்கிட்டச் சொல்லிடறேம்மா" என்றாய். வாயை மூடு என்று நான் உன்னை அடித்தேன். ஒன்பது வயதில் உனக்குத் தெரிந்தது, அத்தனை வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு எதுவும் தப்பாகத் தெரிவதில்லை. உனக்குக் குழந்தை பிறந்தால், அதன் நோட்டு வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு.

வியாழக்கிழமை கச்சேரி ரோட்டில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் நானே உட்கார்ந்திருந்து, நீ படுக்கையிலேயே எழுதி முடித்த கட்டுரையை அடித்து வாங்கினேன். கார்பன் தாள் கிடைக்காத காலம். தேய்ந்துபோன ஒன்றை வைத்து அடித்ததில் இரண்டாம் பிரதி மங்கலாக வந்தது. மாநாட்டுக்காரர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையின் சாரத்தை நீ எனக்குத் தமிழில் சொல்லியிருந்தாய்: கடற்கரைக் குடும்பங்களுக்குக் கடலே கைகொடுக்கிறது, அரிசித் தட்டுப்பாடு அவர்களை மற்றவர்கள் அளவுக்குத் தாக்கவில்லை. நீ சொன்னதில் தப்பில்லை. நான் கொடுத்த தாள்களிலிருந்து வேறு எதுவும் சொல்ல முடியாது.

மாநாட்டுக்கு எனக்கும் அப்பாவுக்கும் நீ பாஸ் வாங்கித் தந்தாய். கடற்கரைக்கு எதிரே அந்தப் பெரிய மண்டபத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. நீ படித்து முடித்துவிட்டு என் பக்கம் பார்த்து ஏதோ சொன்னாய். அதில் 'மதர்' என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பாய். திரும்பி வரும்போது ட்ராமில் நீ சொன்னாய்: "தலைமை வகிச்சவர் நிவாரணக் கமிட்டிலயும் இருக்காராம்மா. நொச்சிக்குப்பத்துல கஞ்சித் தொட்டி வைக்கறதா இருந்தாளாம். என் கட்டுரையைக் கேட்டப்புறம், அங்கே அவ்வளவு அவசரம் இல்லே, வேற இடத்துல வைக்கலாம்னு எழுதப் போறாராம். ஒரு கட்டுரையால ஒரு காரியம் நடக்கறது பாத்தியா?" அப்பாவுக்குக்கூட அன்று பெருமை தாங்கவில்லை. ட்ராம் லஸ்ஸில் நிற்கும்வரை நான் உனக்குச் சொல்லியிருக்கலாம். அத்தனை நேரம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அந்த மாதமே உன் வேலை நிரந்தரமாயிற்று.

அதன் பிறகு ஒருநாள் மத்தியானம் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அஞ்சலையும் இன்னும் இரண்டு பெண்களும். எப்படியோ விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள். குழந்தை அவள் தோளில் சாய்ந்திருந்தது.

"எயுதிக்கினு வந்தியேம்மா, கஞ்சி ஊத்துவாங்கன்னியே. ராயப்பேட்டைல ஊத்தறாங்களாமே, எங்களுக்கு எப்பம்மா?"

"அதெல்லாம் சர்க்கார் காரியம், எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்கெல்லாம் வந்து நிக்காதீங்கோ" என்றேன்.

"எங்க பேரு எயுதினியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"எழுதினேன்."

"அப்பச் சரி. லேட்டானாலும் வரும்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். என்னை நம்பிப் போனாள். கூடத்திலிருந்து நீ, "யாரும்மா?" என்றாய். "பழம்புடவை கேட்டுண்டு வந்திருக்கா" என்றேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய நேரம் அது.

யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. நீ டில்லிக்குப் போய்விட்டாய். இதெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்று இருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, சாந்தோம் சாலைக்குப் போனேன். அஞ்சலை கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. எனக்கு முன்னால் அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "எயுதற அம்மா" என்றாள். பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல், "அந்தப் பொண் கொழந்தை நன்னா இருக்காளா?" என்று கேட்டேன்.

"அது பூட்ச்சிம்மா" என்றாள் ஒரு மீனைத் திருப்பி வைத்துக்கொண்டே. "அந்த வர்சமே. ஜொரம் வந்துச்சி, ஒடம்புல தெம்பில்ல, மூணு நாளு இருந்துச்சி."

கஞ்சித் தொட்டி வந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "ரெண்டு நாளா அடுப்பு மூட்டலேன்னு நீ சொன்னே. நான் ரெண்டு வேளை எரிஞ்சதுன்னு எழுதிட்டேன்." அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏம்மா, நான் சொன்னா பொய்யின்னு நெனச்சிக்கினியா?" ஆமாம் என்றேன். புதிதாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "இன்னிக்கு எங்கூட்ல அடுப்பு எரியுது. இன்னிக்குச் சங்கதி எதுக்கு? அன்னிக்கு நான் சொன்னத எயுது." அவள் பார்த்துக்கொண்டிருக்க, 'இரண்டு வேளை' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை' என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதற்குள் யாரோ மீன் வாங்க வந்தார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆக, உனக்கு வந்து சேர்கிற கட்டில் ஏழு தாள்தான் உண்மை. சாலையோரத்தில் கேட்ட ஆறு, அஞ்சலையுடையது ஒன்று. மற்ற பதினேழிலும் குறுக்கே கோடு போட்டு, 'இந்த வீட்டுக்கு நான் போகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றை யாரும் இனி உபயோகிக்க முடியாது. நீ உபயோகிப்பாய் என்று நான் பயப்படவில்லை, உனக்காக என்று மறுபடி எதையாவது மறைத்துவிடுவேனோ என்று எனக்கு என் மேல்தான் பயம். இந்தக் கட்டுரையை டில்லி மாநாட்டுக்கு அனுப்பாதே. அனுப்பாமல் சும்மா இருந்துவிடவும் செய்யாதே. சென்னை மாநாட்டுக்காரர்கள் அதை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள், இன்னொருவன் அதை நம்பி இன்னொரு குப்பத்துக் கஞ்சியை நிறுத்தலாம். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். இனிமேல் உனக்கு யாராவது ஒரு வீட்டின் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்கு முன்னால், நீ எங்கே உட்கார்ந்து கேட்டாய் என்று அவர்களைக் கேள். உன்னிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறவர்களை இன்னும் இரண்டு தடவை கூடுதலாகக் கேள்.

அப்பா உள்ளே வந்து, இத்தனை நேரமாக டில்லிக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, தபாலாபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்று வாசலில் நிற்கிறார். உனக்கு என் மேல் எத்தனை கோபம் வந்தாலும் அது நியாயம்தான். எனக்குப் பதில் போட மனசு வராவிட்டால் போடாதே, நான் காத்திருப்பேன். அந்த இரண்டு மாநாட்டுக்காரர்களுக்கும் முதலில் எழுது.

உன் அம்மா